இரண்டு பேட்டரி, ஒரு வாக்கு

பெங்களூரு சிவாஜிநகர் தொகுதியில் வாக்குச்சாவடிப் பள்ளியில் கரண்ட் போனாலும் வாக்குப்பதிவு நிற்காது. வாக்குப்பதிவு இயந்திரத்துக்குச் சுவரிலிருந்து ஒயர் கிடையாது, பேட்டரியே போதும். அந்த இயந்திரத்தைச் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இதே ஊரில், ஜாலஹள்ளியில் இருக்கிறது. அங்கே இயந்திரத்தின் உருவாக்கத்தில் நம் எழுத்தாளர் சுஜாதாவும் பங்கேற்றார் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

நான் ரசிப்பது மின்சாரப் பங்கீட்டை. கட்டுப்பாட்டுக் கருவிக்கு 7.5 வோல்ட், சீட்டு அச்சிடும் விவிபாட்டுக்குத் தனியாக 22.5 வோல்ட். 1.5 வோல்ட் செல் கணக்கில் முறையே 5 செல், 15 செல். கட்டுப்பாட்டுக் கருவியில் வாக்கை எண்ணி நினைவில் வைக்கும் சிப்புக்குக் கொஞ்சமே வேண்டும், ஆனால் ஆடாமல் வேண்டும். அச்சுக் கருவி அப்படியல்ல. கண்ணாடிக்குப் பின்னே 7 நொடி தெரியும் அந்தச் சீட்டுக்காக, வெப்பத் தலையைச் சுட வைத்துக் காகிதத்தையும் நகர்த்த, ஒரே மூச்சில் மின்சாரத்தை இழுக்கும். இரண்டையும் ஒரே சிறு பேட்டரியில் கட்டினால் அந்த இழுப்பில் வோல்ட் சரியும், சிப் தடுமாறலாம். பிரித்து வைத்ததுதான் கைத்திறன்.

அடுத்த முறை பொத்தானை அழுத்தி ‘பீப்’ கேட்கும்போது அந்த இரு பேட்டரிகளையும் ஒரு கணம் நினையுங்கள்.