பின்னணித் தாளை எப்படிப் பார்ப்பது?

கையால் செய்த வாழ்த்து அட்டை வந்தால் கண் நேராக நடுவில் ஒட்டியிருக்கும் பூவுக்கோ பெயருக்கோ போய்விடும். அதற்கு அடியில், சின்ன அச்சு ஒன்றை வைத்து வைத்து எடுத்து நிரப்பிய தாள் இருக்கும். ஒரு தடவை அதை மட்டும் பாருங்கள். செய்தவரின் கை தெரிவது அங்கேதான்.

முதலில் ஓரம். விவரம் தெரிந்தவர்கள் பெரிய தாளில் அச்சிட்டுவிட்டு, பிறகுதான் அட்டை அளவுக்கு வெட்டுவார்கள். ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஏறத்தாழ 105க்கு 148 மில்லிமீட்டரில் நான்கு முகப்புகள். அதில் இலை பாதியில் அறுபட்டு வெளியே ஓடும். அட்டைக்கு அப்பாலும் கொடி படர்ந்திருப்பதாகத் தோன்றும். எல்லாப் பூவும் முழுசாக, ஓரத்தைத் தொட அஞ்சி உள்ளே ஒடுங்கியிருந்தால், வெட்டிய துண்டில் அச்சிட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இடைவெளி, ரசனைக்கு அதிக வேலை இங்கேதான். பூக்களுக்கு நடுவே விட்ட வெறுந்தாளைப் பாருங்கள். கோலம் போடுகிறவர்களுக்கு நேர்ப்புள்ளியும் இடைப்புள்ளியும் தெரியும். அச்சையும் அப்படித்தான் அடுக்குகிறார்கள். நேர்ப்புள்ளியில் வைத்தால் வரிசைகளுக்கு நடுவே வெள்ளைச் சந்து விழுந்து, கண் அதன் வழியே ஓடிவிடும். இடைப்புள்ளியில் வைத்தால் சந்து அடைபடும். கணக்கே இல்லாமல் இறைத்துவிட்டது போலிருக்கும் தாளில்தான் கணக்கு அதிகம். முதலில் பெரிய அச்சு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திருப்பித் திருப்பி. பிறகு நடுத்தரம். மிச்ச இடுக்குகளுக்கு மொட்டோ புள்ளியோ. பக்கத்துப் பக்கத்துப் பூக்கள் ஒரே திசையில் முகம் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். தாளைக் கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எங்காவது வெள்ளையாக ஓட்டை விழுந்திருந்தாலோ மை திரண்டு கறுத்திருந்தாலோ அது குறைதான்.

பிறகு மை. ஒரு தடவை மை தொட்டு, மறுபடி தொடாமல் இரண்டு மூன்று முறை வைத்தால் ஒவ்வொன்றும் வெளுத்துக்கொண்டே போகும். அழுத்தமானது முன்னால் நிற்கும். வெளுத்தது பின்னால் போகும். ஒரே நிறத்தில் ஆழம் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. சாய மை தாளுக்குள் இறங்கிச் சீக்கிரம் காயும். நிறமி மை மேலேயே தங்கும், காய நேரமாகும். ஆனால் கறுப்புத் தாளில் வெள்ளைப் பூ வேண்டுமென்றால் அதுதான் கைகொடுக்கும். புதுச்சேரியில் கிடைக்கும் கைக்காகிதம் போன்ற சொரசொரப்பான தாளில் பள்ளங்களில் மை படாமல் பொட்டுப் பொட்டாக விட்டுப்போகும். அதைப் பிழை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்தக் கலையின் உச்சத்தைப் பார்க்க விரும்பினால் லண்டனின் கர்வன் அச்சகம் 1920களில் வெளியிட்ட வடிவத் தாள்களை இணையத்தில் தேடுங்கள். புத்தக அட்டைகளுக்காக வந்தவை. 1928இல் அவற்றுக்கு ஒரு மாதிரிப் புத்தகமே போட்டார்கள். முன்னுரை எழுதியவர் ஓவியர் பால் நாஷ். எட்வர்ட் பாடன், எரிக் ரவிலியஸ், எனிட் மார்க்ஸ் ஆகியோர் வரைந்த தாள்களும் அந்த அச்சகத்திலிருந்து வந்தன. என் ஓட்டு எனிட் மார்க்ஸுக்கு. துணியில் மரக்கட்டை அச்சு வைத்துப் பழகிய கை அது; இரண்டு அச்சு சேரும் இடத்தை அவ்வளவு சுலபத்தில் கண்டுபிடிக்க முடியாது. மசூலிப்பட்டினம் பக்கம் பெடனாவில் தேக்குக் கட்டை வைத்துக் கலம்காரி அச்சிடுகிறவர்களின் திறமையையும் அந்தச் சேர்மானத்தில்தான் எடை போட வேண்டும்.

நீங்களே ஒன்று செய்துவிட்டால் இதெல்லாம் தானாகக் கண்ணில் படும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, கொழகொழப்பைத் துணியில் ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் ஐந்து இதழில் ஒரு பூ தயார். பென்சில் அழிக்கும் ரப்பரில் இலை செதுக்கிக்கொள்ளலாம். நிறம் இரண்டுக்கு மேல் வேண்டாம். மேலே ஒட்டப்போகும் எழுத்தைவிடப் பின்னணி வெளிறியிருக்கட்டும். எழுத்தோடு போட்டி போடும் தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்னணிக்கு ஆகாது. வரும் பொங்கலுக்கு நாலு பேருக்காவது இப்படிச் செய்து அனுப்பிப் பாருங்கள். நிறமி மையானால் ஓர் இரவு காயவிட்டு, பிறகு உறையில் போடுங்கள்.