நூல்கள் திரையில், நூலகர் எங்கே?

கொஞ்ச காலமாக ஒரு வாதம் படித்தவர்கள் வாயிலிருந்தே வருகிறது. தமிழிணைய மின்னூலகம் கைபேசியிலேயே இருக்கிறது, அரிய நூல்கள் காசில்லாமல் கிடைக்கின்றன, சென்னையிலும் மதுரையிலும் பெரும் நூலகங்கள் எழுந்துவிட்டன. இனித் தெருமுனையில் இருக்கும் கிளை நூலகத்துக்கு ஆளும் வாடகையும் எதற்கு, அந்தப் பணத்தையும் கணினிமயமாக்கலில் போட்டால் என்ன என்கிறார்கள். இப்படிப் பேசுகிறவர்கள் நூலகத்துக்கு வேண்டாதவர்கள் அல்லர். புத்தகத்தோடு வளர்ந்தவர்கள், நூலகம் நன்றாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர்கள். அதனால்தான் இந்த வாதத்தைச் சும்மா விட முடியவில்லை.

மின்னாக்கத்தால் விளைந்த நன்மையை யாரும் மறுக்க வேண்டியதில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறு படி இல்லாத ஏடுகளும் நூல்களும் சாம்பலாயின. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்தை அப்படியொரு அழிவு இனி தீண்டாதபடி சேர்த்துவைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-இல் திறந்த மின்னூலகம் வந்த பிறகு, திருநெல்வேலியில் ஆய்வு செய்யும் மாணவி ஒரு பழைய பதிப்பைப் பார்ப்பதற்கென்று சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. எழுத்தாளர்களின் படைப்புகளை அரசு நாட்டுடைமையாக்கியதும் இந்த வேலைக்கு வழி திறந்தது. நூல் கொள்முதல் இணையவழிக்கு மாறியதும் நல்ல காரியமே. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் சொல்லிய எல்லாவற்றிலும் பயன் பெறுகிறவர் ஒருவரே. தனக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்.

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாம் விதி. அதைத்தான் எல்லாரும் மேடையில் சொல்கிறார்கள். மூன்றாம் விதியை யாரும் தொடுவதில்லை: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். நூலின் பக்கம் நின்று யோசித்த விதி அது. அலமாரியில் கிடக்கும் நூலுக்கு வாய் கிடையாது. அதை அதன் வாசகரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நூலகத்தின் கடமை. அதற்காகத்தான் அவர் பூட்டிய அலமாரிகளுக்குப் பதிலாகத் திறந்த அலமாரி முறைக்கு வாதாடினார். வாசகர் அலமாரிகளுக்கு நடுவே நடக்க வேண்டும், தேடி வராத நூல் கண்ணில் பட வேண்டும், பக்கத்தில் வந்து பேச ஒரு நூலகர் இருக்க வேண்டும் என்பது அவர் கேட்டது.

மின்னூலகம் இரண்டாம் விதிக்கு ஓரளவு பணி செய்கிறது. மூன்றாம் விதியை அது கைவிட்டுவிட்டது. தேடல் பெட்டியில் தட்டுவதற்கு ஒரு பெயர் வேண்டும். வை.மு. கோதைநாயகி என்ற பெயரையே கேள்விப்படாத ஒரு பெண், ரமணிசந்திரனையும் லட்சுமியையும் வாசித்து முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கிறாள் என்று வையுங்கள். ஆண்கள் மட்டுமே கோலோச்சிய காலத்தில் ஒரு பெண் நூற்றுக்கு மேல் நாவல் எழுதி, ஜகன்மோகினி என்ற இதழையும் நடத்தியிருக்கிறார் என்ற செய்தி அந்த வாசகிக்கு எந்தத் திரையிலிருந்து வரும்? அலமாரியிலிருந்து ஒன்றை உருவி, “இதைப் பாரும்மா, உன் பாட்டி காலத்துப் பெண்கள் ஒளித்துவைத்துப் படித்தது” என்று சொல்லத் தெரிந்த ஒருவரால்தான் அது முடியும்.

பெயர் தெரிந்து தேடுகிறவருக்காவது எல்லாம் சரியாக இருக்கிறதா? தமிழ்ப் பெயர்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது தெரியும். சாமிநாதையர், சாமிநாதய்யர், சாமிநாத ஐயர் என்று ஒருவரையே நூல்முகப்புகள் பல விதமாக அச்சிட்டிருக்கின்றன. முன்னெழுத்து சில இடங்களில் முன்னால், சில இடங்களில் காற்புள்ளி போட்டுப் பின்னால், சில இடங்களில் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி. புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவர் என்று கணினிக்கு யாராவது சொல்லியாக வேண்டும். கல்கி என்று தட்டினால் ரா. கிருஷ்ணமூர்த்தியா, அவர் 1941-இல் தொடங்கிய இதழா என்பதையும் யாராவது பிரித்துவைத்திருக்க வேண்டும். ஓர் ஆசிரியரின் எல்லாப் பெயர்களையும் ஒரே முடிச்சில் கட்டுவது, நூலின் பொருள் என்னவென்று வாசித்துப் பார்த்துத் தலைப்பிடுவது, மறுபதிப்பை முதற்பதிப்போடு சேர்ப்பது: பட்டியலாக்கம் என்று நூலகர்கள் சொல்லும் இந்த வேலை மெதுவானது, வெளியே தெரியாதது, புகைப்படத்துக்கு உதவாதது. வருடிக் கருவிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரலாம். பட்டியலாளரைப் பயிற்சி கொடுத்துத்தான் உருவாக்க வேண்டும். அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். நம் திட்டங்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. பக்கங்கள் எத்தனை ஏறின என்ற கணக்கை அறிக்கைகள் பெருமையாகச் சொல்கின்றன. ஏறிய நூலை யார் கண்டெடுத்தார்கள், அதைப் படித்த பிறகு எதைத் தேடினார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

நான் போகும் கிளை நூலகம் ஒன்றில் மேசைமேல் கணினி இருக்கிறது. அதன்மேல் பூப்போட்ட துணி போர்த்தியிருக்கும். துணியின்மேல் போன மாதத்துப் பருவ இதழ்கள். நூல்களின் பின்னட்டையில் பட்டைக் குறியீடு ஒட்டியிருக்கிறார்கள், சிலவற்றில் தேதிச் சீட்டின் மேலேயே. நான் எடுத்துப்போகும் நூலை நூலகர் வாங்கி, அந்தக் குறியீட்டைத் திரும்பியும் பார்க்காமல், தடித்த இரவல் பதிவேட்டைத் திறந்து நீல மையில் எண்ணை எழுதுவார். அவர்மேல் குற்றம் இல்லை. பக்கத்து ஊர் நூலகமும் அவருடைய கூடுதல் பொறுப்பு. நூல் விவரங்களைக் கணினியில் ஏற்ற அவருக்கு ஒரு முழு மாதம் வேண்டும். கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, நாளிதழ்களைப் பிரித்துப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் பேருந்து பிடிக்கிறவருக்கு அந்த மாதத்தை யார் கொடுப்பார்கள்? கருவி வந்து சேர்ந்தது. அதை இயக்க வேண்டிய நேரமும் ஆளும் வரவில்லை.

இந்த இடத்தில் எப்போதும் சிங்கப்பூரை இழுத்துவருகிறார்கள். அங்கே நூலகரே இல்லாமல் நூலகம் நடக்கிறதே என்பார்கள். சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் 1990-களின் இறுதியில் நூல்களுக்குள் ரேடியோ அலைச் சில்லுகளை வைத்து, வாசகர்களே இரவல் பதிந்துகொள்ளும் முறையை உலகுக்கே முன்னோடியாகக் கொண்டுவந்தது உண்மை. அங்கே நூல் எடுக்கவும் திருப்பித் தரவும் வாசகர்கள் வரிசையில் கால்கடுக்க நின்றார்கள். அந்த வரிசைதான் அவர்களுடைய நோய், சில்லு அதற்கான மருந்து. நம் கிளை நூலகத்தில் யார் வரிசையில் நிற்கிறார்கள்? இல்லாத நோய்க்கு மருந்து வாங்கியிருக்கிறோம். அங்கிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது வேறு இருந்தது. ஒரு கிளையில் எடுத்த நூலை அங்கே வேறு எந்தக் கிளையிலும் போட்டுவிட்டுப் போகலாம். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே பட்டியல், ஒரே உறுப்பினர் அட்டை என்பதால்தான் அது நடக்கிறது. என்னுடைய அட்டை என் கிளையைத் தாண்டிச் செல்லாது. வாசலில் இருக்கும் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், உள்ளே இருந்த அந்த ஒழுங்கைப் பார்க்காமல் வந்துவிட்டார்கள்.

ஆளில்லாமல் நூலகம் நடக்காது என்று நாம் ஏற்கனவே பெரும் விலை கொடுத்துக் கற்றோம். 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். இந்தியாவில் எந்த மாநிலம் அப்படிக் கனவு கண்டது? நல்ல கட்டடம், நல்ல நூல்கள், அலமாரி, நாற்காலி. பார்த்துக்கொள்பவருக்கு மட்டும் சொற்ப மதிப்பூதியம். சில ஆண்டுகளில் பல ஊர்களில் பூட்டுத் தொங்கியது. கறையான் தின்ற நூல்களைப் பற்றி நாளிதழ்கள் எழுதின. இப்போது கட்டடத்தின் இடத்தில் கருவி வந்திருக்கிறது; ஆள் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஊர்ப்புற நூலகர்கள் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, காலமுறை ஊதியம் கேட்டு ஆண்டுக்கணக்கில் நடையாய் நடந்தவர்கள். நவீனமாக்கல் என்று பேசுகிற எந்தத் திட்டமாவது முதல் வரியில் அவர்களைக் குறிப்பிட்டதுண்டா? நான் பார்த்தவரை இல்லை.

கிளை நூலகத்தை மூடிவிடலாம் என்பவர்கள் ஒரு நாள் காலையில் போய் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும். கதவு திறக்கும் முன்பே தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் படியில் காத்திருப்பார்கள். பெரும்பாலும் சொந்தப் புத்தகத்தோடு வருகிறார்கள்; அவர்களுக்கு வேண்டியது மேசை, மின்விசிறி, சத்தமில்லாத நான்கு மணி நேரம். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் அது கிடைக்காது. கைபேசிக்குள்ளும் கிடைக்காது. மாலையில் பள்ளி விட்டதும் குழந்தைகள் படக்கதைகளைப் புரட்ட வருவார்கள், கூடவே தாய்மார்கள் வருவார்கள், அவர்களுக்கு வீட்டு வேலைக்கும் சமையலுக்கும் நடுவே கிடைக்கும் அரை மணி நேரம் அது ஒன்றுதான். ஓய்வுபெற்றவர்கள் நாளிதழுக்காக வருகிறார்கள். காசு கொடுக்காமல், எதையும் வாங்காமல், யாரும் ஏன் என்று கேட்காமல் ஒரு மனிதர் ஊருக்குள் உட்காரக்கூடிய இடம் கோயிலுக்கு அடுத்து இதுதான். அங்கே கழிப்பறை இல்லை என்பதும், மாலை விளக்குப் போட்ட சற்று நேரத்தில் பூட்டிவிடுகிறார்கள் என்பதும் இந்த வாசகர்களின் நிஜமான குறைகள். இவற்றை எந்தச் செயலியும் தீர்க்காது. இன்னும் ஓர் ஆளைப் போட்டால் இரவு ஒன்பது வரை திறந்துவைக்கலாம்.

பணம் இல்லை என்று சொல்ல வழியில்லை. இந்தியாவிலேயே முதலில் 1948-இல் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. அந்தச் சட்டத்தின்படி சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி வாங்குகிறார்கள். இன்று அது சொத்துவரியில் 10 விழுக்காடு. வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும், நூலகத்தில் கால் வைக்காதவரும்கூட, இதைக் கட்டுகிறார்கள். வேறு எந்தப் பண்பாட்டுப் பணிக்கும் மக்கள் இப்படிப் பெயர் சொல்லி வரி கட்டுவதில்லை. இந்தப் பணத்தை முதலில் எதற்குச் செலவிட வேண்டும் என்பதுதான் கேள்வி. வருடிக் கருவியும் தொடுதிரையும் ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகிவிடும். ஓர் ஊரில் இருபது ஆண்டு வேலை பார்த்த நூலகருக்கு அந்த ஊரில் யார் எதைப் படிப்பார்கள் என்று தெரியும். அந்த அறிவை எந்தக் கிடங்கிலும் விலைக்கு வாங்க முடியாது. நூலகரே இல்லாமல் லட்சம் நூல்களைத் திரையில் வைப்பதைவிட, ஐந்நூறு நூல்களும் அவற்றில் ஐம்பதையாவது வாசித்த ஒருவரும் இருக்கும் ஒற்றை அறை மேலானது என்று நான் சொல்வேன். இது மிகை என்று நண்பர்கள் சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுவட்டக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வண்டி வெற்றுப் பெட்டியாக ஊருக்குள் போகவில்லை. நூலைக் கொடுக்கவும் வாங்கவும் பேசவும் அதோடு ஒருவர் போனார். தகவல் தொழில்நுட்பத்தை நான் கேட்பது அந்த ஆளின் கையைப் பலப்படுத்துவதற்கு. மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, பெயர்களைச் சரியாக முடிச்சுப் போட்ட ஒரே நூற்பட்டியல். மாநிலம் முழுக்கச் செல்லும் ஒரே அட்டை. வேறு ஊரிலிருக்கும் நூலை இங்கிருந்தே கேட்கும் வசதி. பட்டுக்கோட்டைக் கிளையில் ஒருவர் கேட்கும் நூல் தஞ்சாவூர் மாவட்ட மைய நூலகத்தில் இருந்தால், அதை மாலை அரசுப் பேருந்தில் கட்டி ஏற்றி மறுநாள் காலை அவர் கையில் கொடுத்துவிடலாம். இதற்குப் புதிதாக ஒரு கருவியும் வாங்க வேண்டாம். துணி போர்த்திய அந்தக் கணினியே போதும். காலியாகக் கிடக்கும் நூலகர் பணியிடங்களை நிரப்பி, மாவட்டத்துக்கு இரண்டு பட்டியலாளர்களையும் நியமித்து அரசு ஆணை வெளியிடட்டும்; அடுத்த கொள்முதல் அறிவிப்பு அதற்குப் பிறகு வரட்டும்.