காஞ்சி இல்லாத புறம்

இலக்கியத் திறனாய்வு செய்வோர் கைப்பேசி விளையாட்டொன்றை ஆராயப் புகுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். வரலாற்று மாந்தரைப் பாத்திரங்களாக்கி, அவர்தம் போரையும் புகழையும் பொருளாகக் கொண்ட படைப்பு எவ்வடிவில் தோன்றினும், அது புறப்பொருட் படைப்பேயாம். ஆதலின், தொல்காப்பியர் வகுத்த புறத்திணை நெறிகொண்டு அதனை அளந்து பார்த்தல் முறையே. சீனத்து லிலித் கேம்ஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘ரைஸ் ஆஃப் கிங்டம்ஸ்’ என்னும் போர்விளையாட்டின் பருவ விழாக்களும், அவற்றோடு விற்கப்படும் சலுகைத் தொகுப்புகளும் ஈண்டு எம் ஆய்வுப் பொருளாகின்றன.

முதற்கண் அதன் அமைப்பினைக் காண்போம். ஆடுவோர் உரோம், சீனம், பிரான்சு, கொரியா முதலிய நாகரிகங்களுள் ஒன்றைத் தேர்ந்து நகர் எடுப்பர். ஒவ்வொன்றிற்கும் ஒரு தொடக்கத் தளபதி உண்டு. சீனத்திற்குச் சுன் சூவும், பிரான்சிற்கு ஜோன் ஆஃப் ஆர்க்கும் அமைந்தனர். ஏனைய பெருந்தளபதியரை அவர்தம் ‘சிற்பங்களை’ச் சேர்த்தே அடைதல் வேண்டும். ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ என்னும் சுழற்சக்கரமும், ‘மைட்டியஸ்ட் கவர்னர்’ என்னும் தரவரிசைப் போட்டியும் அச்சிற்பங்களைப் பெறும் வாயில்களுள் தலையாயவை. சக்கரத்தைச் சுழற்ற மணிகள் வேண்டும். மணிகளைக் காசு கொடுத்தும் வாங்கலாம்.

இனி, இவ்விளையாட்டின் பொழுதினை நோக்குவோம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது நம் இலக்கண மரபு. கார் முதலாய பெரும்பொழுது ஆறும் மாந்தர் உள்ளத்து நிகழும் ஒழுக்கத்தோடு இயைந்தே வருவன. பொழுது உரிப்பொருளைச் சிறப்பிக்குமேயன்றித் தான் தனித்து நில்லாது. இவ்விளையாட்டிலோ கிறித்துமசும் சீனப் புத்தாண்டும் ஆண்டுவிழாவும் வந்து வந்து போகின்றன. அவை நகர்க்கு அணியையும் ஆடுவோர்க்குப் பணியையும் தருகின்றன. வரலாற்று மாந்தரோடு அவற்றிற்கு இயைபு இல்லை. எத்தளபதி எப்போது சக்கரத்தில் தோன்றுவான் என்பதை வரலாற்றின் நூற்றாண்டு முடிவு செய்வதில்லை. ஆடுவோர் சேர்ந்த ‘கிங்டம்’ திறக்கப்பட்டு எத்தனை நாளாயிற்று என்பதே முடிவு செய்கின்றது. சலுகையின் மேல் ஓடும் கடிகாரமே அங்குச் சிறுபொழுது. அது தோற்றுவிக்கும் மெய்ப்பாடு ஒன்றே: காலம் கடப்பதற்குள் வாங்கிவிட வேண்டும் என்னும் பதைப்பு.

காலம் இவ்வாறு கழன்றபின் மாந்தரும் தம் இடத்தினின்று கழல்கின்றனர். மூன்றாம் சிலுவைப் போரில், 1191இல் அர்சூப் களத்தில், முதலாம் ரிச்சர்டும் சலாகுதீனும் எதிர்நின்று பொருதனர். இங்கு அவ்விருவரையும் ஒரே படைக்கு முதல் தளபதியும் துணைத் தளபதியுமாக அமைக்கலாம். கி.பி. 9இல் டியூட்டோபர்க் காட்டில் உரோமரின் மூன்று படைப்பிரிவுகளை அழித்த எர்மான், உரோமத் தளபதி சிப்பியோவின் கீழ்ப் பணிபுரியலாம். பகை என்பது பொருளற்றுப் போகத் திறன்களின் கூட்டல் கழித்தலே எஞ்சுகின்றது.

‘வரலாற்றைத் திரித்தல் கவிதைக்கும் உரியதன்றோ? பரணி பாடிய புலவர் மிகைப்படுத்தவில்லையா?’ என வினவுவார் உளர். வினா தக்கதே. கலிங்கத்துப்பரணி முதற் குலோத்துங்கனின் புகழை வானளாவ உயர்த்துகின்றது. ஆயினும், களத்திற் கிடந்த பிணங்களை அது மறைக்கவில்லை. பேய்கள் கூழடும் காட்சியில் வெற்றியின் விலை நம் கண்முன் நிற்கின்றது. ஆகவே, மிகையை யாம் குற்றமாகக் கொள்ளவில்லை; இழப்பின்மையையே குற்றமாகக் கொள்கின்றோம்.

தொல்காப்பியர் கூறிய புறத்திணைகள் ஏழனுள், கவர்தலும் படையெடுத்தலும் அரண் முற்றலும் எதிர்நின்று பொருதலும் வெற்றி கொள்ளலும் இவ்விளையாட்டில் உள்ளன. பாடாண் தலைகீழாயிற்று. பாடாணில் தலைவன் பரிசில் ஈந்து புகழ் பெறுவான். இங்கு ஆடுவோன் தானே காசு செலுத்தித் தரவரிசையில் தன் பெயரை ஏற்றிக்கொள்ள இயலும். நிலையாமையைப் பேசும் காஞ்சி ஒன்றே முற்றும் இல்லை. மருத்துவமனை நிரம்பியவழி வீரர் இறப்பர். ஆயின் அவ்விறப்பு ஓர் எண்ணாகவே நிற்கும். தளபதியர்க்கோ இறப்பே இல்லை. 1431இல் ரூவான் நகரில் எரியூட்டப்பட்ட ஜோன், தோல்விதோறும் நகர்க்கு மீண்டு அடுத்த போருக்கு எழுகின்றாள்.

சந்திரகுப்த மௌரியனும் இத்தளபதியருள் ஒருவன். அரசு துறந்து, பத்திரபாகுவோடு சிரவணபெளகுளம் சென்று, உண்ணாநோன்பிருந்து அவன் உயிர்நீத்தான் எனச் சமண மரபு கூறும். அம்மரபின்படி அவன் வாழ்வின் முடிமணி துறவே. இவ்விளையாட்டிலோ அவன் 60ஆம் படிவரை ஏறுவதற்கு உரியவன். துறத்தற்கு அங்குப் படியே இல்லை. துறப்பவனை விற்க இயலாது. நாளைய விழாவிலும் அவன் மீண்டும் சிற்பமாக வருதல் வேண்டும். காஞ்சி இடம்பெறாமைக்குக் காரணம் ஆக்கியோரின் அறியாமை அன்று, வாணிக அமைப்பே என யாம் கருதுகின்றோம். முடிவுள்ள வாழ்வு தொடர்விற்பனைக்கு ஒவ்வாது.

இதனால் விளைந்த நன்மையும் உண்டு. 612இல் சால்சு ஆற்றங்கரையில் சூயி அரசின் படையை வென்ற உல்சி முண்டோக் என்னும் கொகுரியோ வீரனின் பெயரை நம் மாணவர் இவ்விளையாட்டால் அறியக்கூடும். பெயரறிதல் வரலாற்றின் வாயிலேயன்றோ? அவ்வாயிலில் நிற்பாரை உள்ளே அழைத்துச் செல்லுதல் ஆசிரியர் கடன். ஆடுவதை விலக்குமாறு யாம் கூறவில்லை. ‘இவன் எவ்வாறு இறந்தான்? இவனால் இறந்தோர் யாவர்?’ என்னும் இரு வினாக்களைத் தளபதி ஒவ்வொருவர் மீதும் எழுப்புமாறே வேண்டுகின்றோம். சக்கரம் விடை தாராத அவ்விடத்தில்தான் காஞ்சித்திணை தொடங்குகின்றது. வரலாறும் அங்கேயே தொடங்குகின்றது.