குடுவையும் கொள்ளளவும்: ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’ இறுதிப் போரில் ஆற்றலும் கட்டுப்பாடும்

ஹிரோமு அரகாவா எழுதி வரைந்த ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’ என்னும் ஜப்பானிய மங்கா 2001 முதல் 2010 வரை தொடராக வெளிவந்து 27 தொகுதிகளாக நூலாக்கம் பெற்றது. இவ்வகைச் சாகசக் கதைகளின் இறுதிப் போர் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைவது: பகைவனின் ஆற்றல் பெருகும், அதனினும் பெரிய ஆற்றலைக் கதைத்தலைவன் எய்தி வெல்வான். அரகாவாவின் படைப்பில் பகைவனின் ஆற்றல் பெருகுகிறது; தலைவனின் ஆற்றல் பெருகுவதில்லை. ஆற்றலை எய்துதல் வேறு, அதைத் தாங்குதல் வேறு என்னும் வேறுபாடே இப்போரின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

‘தந்தை’ எனப்படும் பகைவன், ஓர் அடிமையின் குருதியிலிருந்து ரசவாதத்தால் உருவாகி, கண்ணாடிக் குடுவைக்குள் மட்டுமே வாழ இயன்ற சிற்றுயிர். க்ஸெர்க்ஸெஸ் நாட்டு மன்னனின் சாகாவரம் பெறும் ஆசையைப் பயன்படுத்தி அந்நாட்டு மக்கள் அனைவரின் உயிரையும் கவர்ந்து, அவற்றில் பாதியைத் தனக்கும் பாதியை அவ்வடிமையான ஹோஹென்ஹைமுக்கும் ஆக்கி, அவன் உருவிலேயே உடல் பெறுகிறது. பின்னர் அமெஸ்ட்ரிஸ் என்னும் நாடே இரண்டாம் வேள்விக்கான வட்டமாக உருவாக்கப்படுகிறது. அதன் எல்லை, அதன் போர்கள், படுகொலைகள் நிகழும் இடங்கள் யாவும் வரைபடத்தின் புள்ளிகளே. அந்நாட்டினர் தம் திறமை என நம்பும் ரசவாதமும் தந்தையின் பிடியில் உள்ளது. அவன் நினைத்த கணத்தில் அது செயலற்றுப்போகிறது. ஸிங் நாட்டு மரபைப் பயின்ற மே சாங்கும், அம்மரபு கலந்த கலையைத் தமையனிடமிருந்து பெற்ற ஸ்காரும் இத்தடைக்குக் கட்டுப்படாமை கருதத்தக்கது. ஆட்சியின் எல்லைக்கு வெளியே தோன்றிய அறிவே ஆட்சிக்கு அடங்காததாகிறது.

கிரகண நாளில் நாட்டு மக்களின் உயிர்களைக் கவர்ந்து, அவற்றின் வலிமையால் தந்தை ‘கடவுளை’ விழுங்குகிறான். போரின் உண்மையான திருப்பம் இதன் பின்னரே நிகழ்கிறது. ஹோஹென்ஹைம் முன்கூட்டியே அமைத்திருந்த மாற்றுவட்டத்தால் மக்களின் உயிர்கள் அவரவர் உடலுக்கு மீள்கின்றன. விழுங்கிய பேராற்றல் உள்ளே எஞ்ச, அதை அடக்கிவைக்கும் வலிமை குறைந்துபோகிறது. அதன்பின் எதிரணியினர் தொடுக்கும் ஒவ்வொரு தாக்குதலும் அவனை அழிப்பதற்கன்று, செலவழிக்க வைப்பதற்கே. குடுவையிலிருந்து விடுதலை வேண்டியவன் தானே குடுவையாகி, வெடிப்புறும் நிலையை அடைகிறான். கடவுளை விழுங்கியவன் அருகில் நிற்கும் படைவீரர் சிலரின் உயிருக்குக் கைநீட்டும் காட்சி இப்போரின் மிகக் கூரிய முரண்.

தந்தையின் கட்டுப்பாட்டு முறையிலேயே இத்தோல்வியின் வித்து உள்ளது. தன்னுள் இருந்த ஏழு இழிகுணங்களையும் தனித்தனி உயிர்களாகப் பிரித்து வெளியேற்றி, அதனால் தான் நிறைவுற்றதாக அவன் கருதுகிறான். அவ்வாறு வெளியேற்றப்பட்டவற்றுள் ஒன்றான ‘பேராசை’ (கிரீட்) இறுதியில் மீண்டும் அவனால் உட்கொள்ளப்படுகிறது. தன் உடலை இறுக்கிக் கேடயமாக்கும் தன் திறனைத் தலைகீழாகப் பயன்படுத்தி, அது தந்தையின் உடலை எளிதில் நொறுங்கும் கரியாக மாற்றுகிறது. எட்வர்டின் வெறுங்கை அவ்வுடலைத் துளைக்க இயல்வது அதனாலேயே. குணத்தை அடக்கி ஆளாமல் அப்புறப்படுத்தியவனை, அக்குணமே உள்ளிருந்து வீழ்த்துகிறது.

இதற்கு நேர்மாறான கட்டுப்பாடு, கிரகணத்திற்கு முன்னர் நிகழும் மஸ்டாங் பகுதியில் அமைகிறது. நண்பனைக் கொன்ற என்வியைத் தீயால் மீண்டும் மீண்டும் எரிக்கும் மஸ்டாங், வெற்றியின் விளிம்பில் தன்னை இழக்கத் தொடங்குகிறான். அவன் தலைக்குப் பின்னே துப்பாக்கியை நீட்டுபவள் அவனுடைய நம்பிக்கைக்குரிய ஹாக்ஐ. தான் வழிதவறினால் சுட்டுவிடும் உரிமையை அவளுக்கு முன்பே அளித்திருந்தவனும் அவனே. இங்குக் கட்டுப்பாடு மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லவில்லை. அதிகாரம் உடையவன் தனக்குக் கீழுள்ளவரிடம் ஒப்படைத்த ஒன்றாக உள்ளது. எட்வர்ட் தன் ‘உண்மையின் வாயில்’ முழுவதையும் விலையாகத் தந்து, அதாவது ரசவாத ஆற்றலையே துறந்து, தம்பி அல்ஃபோன்ஸை மீட்பதும் இவ்வரிசையில் வைத்து நோக்கற்பாலது. போர் முடிந்தபின் வலிமையற்றவனாகத் திரும்பும் கதைத்தலைவன் இவ்வகைமையில் அரியவன்.

எனினும் தனிமனித நிலையில் இத்துணை நுட்பமாக இயங்கும் இச்சிந்தனை, அரசு என்னும் அமைப்பை அணுகும்போது தளர்கிறது. தந்தையின் வட்டம் உடைந்தபின்னும் படைத்துறை ஆட்சி நீடிக்கிறது. தலைநகர் உயரதிகாரிகளின் சதியாலேயே பிராட்லி மறைந்ததாக மக்களுக்குச் சொல்லப்படுகிறது. தளபதி கிரம்மன் ஆட்சிப் பொறுப்பேற்கிறார். மண்ணுக்கடியில் இருந்த கட்டுப்பாட்டை உடைக்கப் பல இயல்களைச் செலவிடும் படைப்பு, தம் நாடு எதற்காக உருவாக்கப்பட்டது என்னும் செய்தி மக்களிடமிருந்து மறைக்கப்படுவதைச் சில கட்டங்களில் கடந்துவிடுகிறது. தம் உயிர் ஒருமுறை பறிக்கப்பட்டு மீண்டது ஏன் என்பதை அமெஸ்ட்ரிஸின் குடிமக்கள் அறியாமலே எழுந்து தம் வேலைகளுக்குத் திரும்புகின்றனர்.