பத்து நிமிடம்தானே?

நவம்பர் பிறந்ததும் ரொறன்ரோத் தமிழர் வீடுகளில் ஓர் அறிவுரை கேட்கத் தொடங்கும். புதிதாக வந்தவர் முதல் காரை வாங்கியிருப்பார். வின்டர் ரயரோடு, வீட்டுக்குள் இருந்தபடியே பொத்தானை அமத்திக் காரை ஓடவைக்கும் ரிமோட் ஸ்டார்ட்டரையும் போட்டுவிடச் சொல்வார்கள். அண்மையில் ஒரு விருந்தில் நண்பர் இன்னும் ஒரு படி மேலே போனார். "இந்த நாட்டில அது வசதி இல்லை, அத்தியாவசியம். எஞ்சினுக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது" என்றார். மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். விருந்து வீட்டில் வாதாட வேண்டாமென்று அன்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் பல ஆண்டுகளாக மனதில் கிடக்கும் மறுப்பு இது. எழுதித்தான் ஆகவேண்டும்.

நன்மைகளை மறுக்கவில்லை. இரவு வேலை முடிந்து ஆளில்லாத தரிப்பிடத்துக்குத் தனியே நடக்கும் பெண்ணுக்கு, கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது ஒரு தைரியம். மூட்டுவாதத்தில் விரல் மடங்காத முதியவருக்குக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுவது தண்டனை. முன்கண்ணாடி தெளியாமல் வண்டியை வீதியில் இறக்கக்கூடாது என்பது ஒன்ராறியோவில் சட்டமும்கூட. வினிபெக்கில் ஜனவரி இரவுகளின் சராசரியே -20 டிகிரிக்குக் கீழே. அங்கே இருப்பவரோடு எனக்கு வழக்கில்லை. ரொறன்ரோவில் அதே ஜனவரி இரவுச் சராசரி -10 டிகிரியைக்கூட எட்டுவதில்லை. என் பேச்சு இந்த ஊரைப் பற்றியது. உடல்நலத்தோடு இங்கே வாழும் பெரும்பாலானவர்களைப் பற்றியது.

"எஞ்சினுக்கு நல்லது" என்பது காபரேட்டர் காலத்து அறிவு. அந்தக் கார்கள் குளிரில் திணறும், சோக்கை இழுத்துக் காத்திருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தோடு இங்கே விற்கும் புதிய கார்களிலிருந்து காபரேட்டர் மறைந்தது. இப்போது எவ்வளவு பெற்றோல் தெளிப்பது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. கண்ணாடி தெளிந்திருந்தால் அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடாக்குங்கள் என்பதுதான் கனடாவின் இயற்கை வளத் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் யோசனை. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் தன்னை மட்டும், அதுவும் மெதுவாகத்தான், சூடாக்குகிறது. கியர்ப் பெட்டியும் சில்லுகளின் பேரிங்கும் ரயரும் வண்டி நகர்ந்தால்தான் சூடாகும். அதோடு, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாகத் தெளிக்கப்படுகிறது. எரியாமல் மிஞ்சுவதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலில் கலக்கிறது. 2017, 2018ஆம் ஆண்டு ஹோண்டா சிஆர்-வியின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினில், குளிர்ப் பிரதேசங்களில் ஒயிலோடு பெற்றோல் கலந்த சிக்கல் உலகறிந்தது. குளிரில் சும்மா ஓடவிடுவதை நல்லது என்று சொல்ல எஞ்சின் தரப்பில் ஒரு சாட்சியும் இல்லை.

திருட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவில் 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம். சரியான சாவி இல்லாமல் எஞ்சின் உயிர் பெறாது. வெளியே போட்டுக்கொள்ளும் ரிமோட் ஸ்டார்ட்டர் வேலை செய்ய அந்தக் காவலைச் சுற்றிப்போக ஒரு கருவி வேண்டும். தேர்ந்தவர் பூட்டினால் பாதகமில்லை. அரைகுறையாகப் பூட்டினால், பணம் கொடுத்து நம் வீட்டுப் பூட்டை நாமே தளர்த்தியதாகிவிடும்.

இவையெல்லாம் வாங்குகிறவரின் இலாப நட்டம். என் வழக்கு வேறு.

கனடாவில் எங்கள் முதல் குளிர்காலம் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் கழிந்தது. இரண்டு வீடுகளுக்கு இடையே ஒடுங்கிய டிரைவ்வே. எங்கள் அறைக்கு இருந்த ஒரே சன்னல் அதன் தரைமட்டத்தில், முழங்காலுக்குக் கீழே இருந்தது. அந்தச் சன்னலின் கீழேதான் மகளின் தொட்டில். வேறு சுவரில் இடமில்லை. காலை ஆறு பத்துக்கு மேலே வீட்டுக்கார அண்ணா கட்டிலில் இருந்தபடியே பொத்தானை அமத்துவார். சன்னலில் மஞ்சள் வெளிச்சம் இரண்டு தரம் அடிக்கும். எஞ்சின் உறுமும். பிறகு வெள்ளைப் புகை கண்ணாடியில் வந்து மோதி, மேலே எழும்பாமல் அந்தச் சன்னல் குழிக்குள்ளேயே சுழலும். சட்டத்தின் இடுக்கில் துவாயைச் சுருட்டி வைத்திருந்தோம். அப்படியும் அறைக்குள் பெற்றோல் மணம் வரும். மனைவி எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விடுவாள். மார்ச் முடியும்வரை எங்கள் விடியல் அதுதான்.

ஒருநாள் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்குச் சட்டை வாங்கித் தந்த மனிதர். "பத்து நிமிஷம்தானே தம்பி" என்றார். இரண்டு நாள் காரைத் திருப்பி நிறுத்தினார், புகைக்குழாய் வீதியைப் பார்த்தபடி. மூன்றாம் நாள் பனி கொட்டியது. கார் பழையபடி நின்றது.

அந்தப் பத்து நிமிடம் எப்படிப்பட்டது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். காரின் புகையைச் சுத்தப்படுத்துவது அடியில் இருக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர். ஏறக்குறைய 250, 300 டிகிரி வெப்பம் ஏறினால்தான் அது உருப்படியாக வேலை செய்யும். வீதியில் ஓடும் காரில் அந்த வெப்பம் சீக்கிரம் ஏறுகிறது. உறைபனியில் நின்ற இடத்தில் ஓடும் காரில் தாமதமாகிறது. அந்த இடைவெளியில் கார்பன் மொனொக்சைட்டும் எரியாத பெற்றோல் ஆவியும் பெருமளவு வடிகட்டப்படாமலே வெளியேறுகின்றன. ஒரு கார் தன் நாளில் விடும் மிக அழுக்கான புகை இதுதான். வீதியில் விட்டால் காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். ரிமோட் ஸ்டார்ட்டர் அதை வீட்டோரத்தில், மனிதர் தூங்கும் நேரத்தில், ஒரே இடத்தில் கொட்டுகிறது.

கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒன்ராறியோ வீடுகளில் அதற்கான அலாரத்தை 2014இல் கட்டாயமாக்கியது சும்மா அல்ல. வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் காரை நிறுத்திவிட்டு, மேலே இருந்து தெரியாமல் பொத்தானை அமத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சாவியோடு போய்த் திருகுகிறவர் கராஜ் மூடியிருப்பதைக் கண்ணால் காண்கிறார். ரிமோட்டை அமத்துகிறவர் காண்பதில்லை. இந்தக் கருவியின் மூலக்குறையே அதுதான். எஞ்சின் ஓடும் இடத்தில் அதை ஓட்டுகிறவர் இல்லை. புகை யார் முகத்தில் போகிறது என்று பார்க்க அங்கே கண்ணில்லை.

ரொறன்ரோ மாநகரத்தின் விதி, சில விதிவிலக்குகள் தவிர, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் வண்டியைச் சும்மா ஓடவிடக் கூடாது என்கிறது. முன்பு மூன்று நிமிடமாக இருந்ததை 2010இல் ஒன்றாகக் குறைத்தார்கள். ரிமோட் ஸ்டார்ட்டரோ பெரும்பாலும் 10 அல்லது 15 நிமிடம் ஓடும்படி அமைத்து வருகிறது. பெட்டியைத் திறக்கும்போதே விதிக்கு எதிரான பழக்கம் ஒன்று கைக்கு வந்துவிடுகிறது.

"எவ்வளவு பெற்றோல் போய்விடும்?" என்று கேட்கிறார்கள். 3 லிட்டர் எஞ்சின் ஒன்று பத்து நிமிடம் சும்மா ஓடினால் சுமார் 300 மில்லிலிட்டர் எரிகிறது. காலையும் மாலையும், வாரம் ஐந்து நாள், பதினாறு வாரம் என்று பெருக்கினால் 48 லிட்டர். ஒரு லிட்டர் பெற்றோல் 2.3 கிலோ கரியமில வாயு. ஆக ஒரு குளிர்காலத்துக்கு 110 கிலோ, ஒரு கிலோமீற்றர்கூட நகராமல். பணமாகப் பார்த்தால் சின்னத் தொகைதான். அதனால்தான் யாரும் யோசிப்பதில்லை. செலவின் பெரும்பங்கு வேறொருவர் மூச்சில் போகிறது.

அப்படியானால் குளிரில் நடுங்குவதா? இல்லை. பிளாக் ஹீட்டர் என்று ஒன்று உண்டு. ரைமரில் பூட்டி, புறப்பட இரண்டு மணி நேரம் முன்பு மின்சாரம் பாயவிட்டால் எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும், புகையில்லை. வினிபெக், எட்மன்டன் தரிப்பிடங்களில் இதற்கென்றே பிளக் வைத்திருக்கிறார்கள். முன்கண்ணாடிக்கு இரவே ஒரு மூடி போட்டால் காலையில் உரித்தெடுத்துவிட்டுப் போகலாம். சூடேறும் இருக்கை ஒன்றிரண்டு நிமிடத்தில் முதுகைத் தொடும். மின்கார் வைத்திருப்பவர் தூரத்திலிருந்தே காரைச் சூடாக்கட்டும், தாராளமாக. புறப்படுமுன் சூடாக்குவது என்ற எண்ணத்தில் பிழையில்லை. அதற்காக ஒரு பெற்றோல் எஞ்சினை ஆளில்லாமல் எரியவிடுவதில்தான் பிழை.

இன்று அந்த வீட்டில் நாங்கள் இல்லை. ஆனால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பேஸ்மென்ட்கள் காலியாக இல்லை. புதிதாக வந்த பிள்ளைகள், மாணவர்கள், ஊரிலிருந்து அழைத்த அப்பா அம்மா, இவர்கள்தான் அங்கே தூங்குகிறார்கள். வீட்டுக்காரரிடம் குறை சொல்ல இவர்களில் பலருக்குத் துணிவு வராது. "உடம்புக்கு நல்லது" என்று நண்பர் சொன்னபோது யாருடைய உடம்பு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

முதியவருக்கும் நோயாளிக்கும் தேவை என்றால் போடுங்கள். மற்றவர்கள் வாங்காதீர்கள், புதிதாக வந்தவருக்கும் பரிந்துரைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: இன்று இரவு காரை நிறுத்திவிட்டு உள்ளே போகுமுன், பின்பக்கம் போய்க் குனிந்து, புகைக்குழாய் எந்தச் சன்னலைப் பார்த்து நிற்கிறது என்று பாருங்கள்.