நரம்பின் மேல் எழுதிய பெயர்

1858-இல் லண்டனில் வெளிவந்த கிரேயின் ‘அனாட்டமி’யை நான் படங்களுக்காக மட்டுமே புரட்டுகிறவன். அதிலுள்ள 363 படங்களையும் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். அப்போது இருபதுகளில் இருந்த மருத்துவர், ஓவியரின் மகன். கிரேயும் அவரும் சேர்ந்தே உடல்களை அறுத்துப் பார்த்தார்கள். கத்தி பிடித்த கையே பென்சிலும் பிடித்தது.

அதற்கு முந்தைய பெருநூல்களின் அழகு வேறு வகை. 1543-இல் வந்த வெசாலியஸின் நூலில் தோலுரிந்த மனிதர்கள் மலையும் ஊரும் தெரியும் வெளியில் நிற்கிறார்கள். ஓர் எலும்புக்கூடு மண்டையோட்டின் மேல் கைவைத்துச் சிந்தனையில் இருக்கிறது. 1747-இல் வந்த அல்பினுஸின் நூலில் உருவத்துக்குப் பின்னால் ஒரு காண்டாமிருகமே நிற்கிறது! அவற்றின் கம்பீரத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே உடல் நடிக்கிறது. கார்ட்டரிடம் நடிப்பில்லை, பின்னணியும் இல்லை. அறுத்த இடம் மட்டும் வெள்ளைத் தாளில் தெளிவாகக் கிடக்கிறது.

அவருடைய மேதைமையாக நான் கருதுவது எழுத்தைத்தான். பழைய படங்களில் உறுப்பின் மேல் ஒரு சிற்றெழுத்து இருக்கும். பெயரை அறிய வேறிடத்துப் பட்டியலைத் தேட வேண்டும். கார்ட்டர் பெயரை உறுப்பின் மேலேயே எழுதினார். தமனி வளைந்தால் எழுத்தும் வளைகிறது. நரம்பு தசைக்குள் நுழையும் வரை பெயரும் கூடவே ஓடுகிறது. கழுத்துத் தமனிகளின் படத்தைப் பாருங்கள்: தாடைக்குக் கீழே பெருங்குழாய் மேலேறி இரண்டாகப் பிரியும் இடத்தில், கண் எங்கும் தாவாமல் பெயரையும் போக்கையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. இத்தனையையும் அவர் மரக்கட்டையின் மேல் இடவலம் மாற்றி வரைந்தார். செதுக்கர்கள் கோடு பிசகாமல் வெட்டினார்கள். மரச்செதுக்கு என்பதால்தான் படமும் உரையும் ஒரே பக்கத்தில் ஒன்றாக அச்சேற முடிந்தது; செப்புத்தகடு என்றால் தனி அச்சு, தனித் தாள்.

கிடைத்த கூலியை நினைத்தால் மனம் கசக்கிறது. ஆயிரம் பிரதிக்கு 150 பவுண்டு என்று கிரேக்கு ஒப்பந்தம். கார்ட்டருக்கு ஒரே முறை 150 பவுண்டு, அத்தோடு சரி. முகப்புப் பக்கத்தில் கார்ட்டரின் பெயரைச் சிறிதாக்கச் சொன்னதும் கிரேதான்.

நூல் வெளிவந்த ஆண்டே கார்ட்டர் பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். மதுரைப் பக்கத்து உழவர்களிடம் கண்டு, அந்த ஊர்ப் பெயராலேயே மருத்துவர்கள் அழைத்துவந்த பாத நோய் ஒன்று உண்டு. வெறுங்காலோடு வயலில் இறங்குவோரைத் தாக்குவது. அது பூஞ்சையால் வருவது என்று காட்டியவர் அவர். 1874-இல் அதுபற்றி அவர் எழுதிய நூலும் படங்களோடுதான் வந்தது. கிரேயின் நூலை ரசித்தவர்கள் அதையும் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டும்.