காலமறிதலும் சதுரங்கமும்: குகேஷின் விரைவாட்டம் பற்றிய ஓர் ஆய்வு

ஒருவருடைய ஆற்றலை ஆராயப் புகுவோர், அவர்தம் நிறைகளையும் குறைகளையும் ஒருங்கே வைத்து எடையிட்ட பின்னரே முடிவு கூறுதல் வேண்டும். நிறையை மட்டும் கூறுவது புகழுரை. குறையை மட்டும் கூறுவது பழியுரை. இவ்விரண்டும் திறனாய்வு ஆகா. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் டிங் லிரென் என்னும் சீன வீரரை 7½–6½ என்னும் புள்ளிக் கணக்கில் வென்று, பதினெட்டாம் வயதிலேயே உலகச் சதுரங்கப் பட்டம் பெற்ற சென்னை இளைஞர் குகேஷைப் பற்றி இன்று எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலன இவ்விரு வகையுள் ஒன்றனுள் அடங்குகின்றன. ஒருசாரார் அவரை ஒப்பற்றவர் என்கின்றனர். மற்றொருசாரார், நீண்ட ஆட்டத்தில் வல்லவரேனும் விரைவாட்டத்தில் எளியவர் என்று தள்ளிவிடுகின்றனர். இவ்விரு கூற்றுகளுள் உண்மை எத்துணை என்பதையும், குறை உளதாயின் அதனைக் களையும் வழி யாது என்பதையும் ஆராய்தல் பயனுடைத்து.

முதற்கண் சொற்களை வரையறுத்துக்கொள்ளல் நன்று. சதுரங்கம் இன்று மூவகைக் காலவளவில் ஆடப்படுகின்றது. மணிக்கணக்காக நீள்வது மரபாட்டம். ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேலும் அறுபது நிமிடத்துக்குக் குறைவாகவும் நேரம் தரப்படுவது விரைவாட்டம். பத்து நிமிடமோ அதனிற் குறைவோ தரப்படுவது மின்னலாட்டம். பலகையும் காய்களும் விதிகளும் ஒன்றே. மாறுவது காலம் ஒன்றுதான். ஆயினும் அவ்வொன்று மாறவே, ஆட்டக்காரனிடம் வேண்டப்படும் திறனும் மாறிவிடுகின்றது.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசர்க்கு உரைக்கப்பட்டன. அங்குக் காலம் என்பது மணிக்கூட்டின் நேரமன்று. வினைக்கு ஏற்ற பருவம். எனினும், எண்ணித் துணிதலும், தன் வலியும் மாற்றான் வலியும் அறிதலும், காலத்தையும் களத்தையும் தேர்தலும் சதுரங்க வீரனுக்கும் இன்றியமையாதனவே. ஆகவே அந்நான்கினையும் அளவுகோலாகக் கொண்டு குகேஷின் ஆட்டத்தை நோக்கலாம்.

தெரிந்து செயல்படுதலில் குகேஷுக்கு நிகராவார் சிலரே. 2006ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் பிறந்த அவர், 2019ஆம் ஆண்டு ஜனவரியில், பன்னிரண்டு வயதும் ஏழு மாதமும் நிரம்பிய நிலையில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் எய்தினார். அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, இளமையிற் கணினிப் பொறியின் துணையை நாடவிடாது, தம் மூளையையே நம்பிக் கணித்துப் பழகுமாறு அவரை வளர்த்தார். பிற சிறுவர் பொறியைக் கேட்டு விடை அறிந்துகொண்ட காலத்தில், இவர் விடையைத் தாமே தேடினார். அதன் பயனாகப் பல நகர்வுகளுக்கு அப்பால் நிகழக்கூடியதை மனத்திரையிற் காணும் ஆற்றல் அவர்பால் வேரூன்றியது. குறையின் வித்தும் அங்கேயே கிடந்தது எனலாம். ஒவ்வொரு நிலையையும் புதிதாக அடிமுதல் ஆராயும் பழக்கம், நேரம் இருக்கும்போது செல்வம். நேரம் இல்லாதபோது சுமை.

இதற்குச் சான்றுகள் உள. நெதர்லாந்தின் வைக் ஆன் சீ நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் பெரும்போட்டியில், 2024ஆம் ஆண்டு குகேஷ் முதலிடத்தைப் பிறரோடு பகிர்ந்து நின்றார். முதல்வரைத் தேரும் மின்னலாட்டத்தில் வெய் யியிடம் தோற்றார். மறு ஆண்டு அதே களத்தில் பிரக்ஞானந்தாவோடு சமநிலை எய்தினார். மின்னலாட்டத்தின் முதலாவதை வென்று, அடுத்த இரண்டையும் இழந்து, பட்டத்தை நழுவவிட்டார். ஈராண்டும் பல நாள் உழைப்பின் பயனைச் சில நிமிடங்களிற் பறிகொடுத்தார் என்பது வெறும் ஊழென ஒதுக்கத் தக்கதன்று.

2025ஆம் ஆண்டு ஜூலையில் குரோவேசியாவின் சாகிரெப் நகரில் நடந்த போட்டி இன்னும் தெளிவான சான்று. அங்கு வருமுன்னரே, இவ்வகை ஆட்டத்தில் குகேஷ் வலியோருள் ஒருவர் என்பதை இன்னும் காட்டவில்லை என்று மக்னஸ் கார்ள்சன் வெளிப்படையாகக் கூறியிருந்தார். நடந்தது யாது? விரைவாட்டப் பகுதியிற் குகேஷ் கார்ள்சனையும் வென்று, பதினெட்டுப் புள்ளிக்குப் பதினான்கு பெற்று முதலிடம் அடைந்தார். அதனைத் தொடர்ந்த மின்னலாட்டப் பகுதியிலோ, பதினெட்டுப் புள்ளிக்கு 5½ மட்டுமே பெற்றார். முடிவில் கார்ள்சன் முதலாவதாகவும் குகேஷ் மூன்றாவதாகவும் நின்றனர். ஒரே மண்டபம், ஒரே எதிரிகள், ஒரே வாரம். மாறியது காலவளவு மட்டுமே.

இவ்விரு எண்களையும் ஒருங்கு நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். ‘விரைவாட்டத்தில் எளியவர்’ என்னும் கூற்று பொருந்தாது. இருபத்தைந்து நிமிடம் தரப்படின் அவர் எவரையும் வெல்ல வல்லவர். ஐந்து நிமிடமாகச் சுருங்கும்போதுதான் தளர்கின்றார். இணையவழி ஆட்டத்திலும் இவ்வேறுபாடு பொருந்தும். 2022ஆம் ஆண்டு அக்டோபரில், பதினாறு வயதில், இணையவழிப் போட்டியொன்றில் அன்றைய உலகச் சாம்பியன் கார்ள்சனை அவர் தோற்கடித்தார். அதுவும் பதினைந்து நிமிடமும் நகர்வுதோறும் பத்து விநாடி மிகையும் கொண்ட ஆட்டமே. ஆகவே நோய் விரைவன்று. விரைவின் எல்லை கடந்த நிலையே நோய்.

இங்கு ஓர் ஐயம் எழும். 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நோர்வேயில் மரபாட்டத்தின் இறுதியில், நேரம் அருகிய நிலையில் கார்ள்சனே தடுமாறினார். குகேஷ் தளராது வென்றார். நேரமின்மை அவரைத் தாக்குமாயின் அங்கு ஏன் தாக்கவில்லை? விடை எளிது. பல மணி நேரம் ஆராய்ந்த நிலையின் ஒவ்வொரு மூலையும் அவருக்கு அறிமுகமாகியிருந்தது. விநாடிகளுள் அவர் செய்தது புதிய ஆராய்ச்சியன்று, முன் ஆராய்ந்ததன் அறுவடை. மின்னலாட்டத்தில் அவ்வாறு உழுது வைத்த நிலம் இல்லை. அங்கு வேண்டுவது கணிப்பன்று, கண்டவுடன் அறிதல்.

கண்டவுடன் அறிதல் என்பது மாயமன்று. ஒல்லாந்த உளவியலாளர் டி குரூட் தொடங்கி வைத்த ஆராய்ச்சியை, 1973ஆம் ஆண்டு சேசும் சைமனும் விரித்துரைத்தனர். உண்மை ஆட்டத்தில் எழுந்த நிலையொன்றை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், வல்லவர் அதனைப் பெரிதும் பிழையின்றி மீள அடுக்குவர். புதியவர் சில காய்களையே வைப்பர். காய்களை ஒழுங்கின்றிச் சிதறி வைத்துக் காட்டினாலோ இருவருக்குமிடையே பெரிய வேறுபாடு இல்லை. வல்லவரிடம் உள்ளது தனிப்பட்ட நினைவாற்றலன்று. காய்க்கூட்டங்களை ஓர் உருவாகக் காணும் பழக்கம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் சொல்லைச் சொல்லாகக் காணும் புலவனுக்கும் உள்ள வேறுபாடே அது. ஆகவே மின்னலாட்டக் குறை பழக்கத்தால் தீர்க்கத் தக்கது.

இதற்கு நேர்மாறான வழியில் வந்தவர் விசுவநாதன் ஆனந்த். இளமையில் அவர் மின்னலென ஆடினார். எதிரி சிந்தித்துக்கொண்டிருக்க, இவர் நகர்த்திவிட்டு எழுந்து உலாவுவார். அவ்விரைவு வியப்பையும் தந்தது, தோல்வியையும் தந்தது. அமர்ந்து எண்ணும் பொறுமையை அவர் பின்னரே பயின்றார். 1988இல் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டரான அவர், 2003இல் விரைவாட்ட உலகப் பட்டத்தைப் பெற்று, நாற்பத்தெட்டாம் வயதில் 2017இல் மீண்டும் பெற்றார். ஆனந்த் விரைவிலிருந்து ஆழத்துக்கு வந்தார். குகேஷ் ஆழத்திலிருந்து விரைவுக்குச் செல்லவேண்டியவர். எத்திசையிலிருந்து வரினும் நடுவழியை அடையலாம் என்பதற்கு ஆனந்தின் வாழ்வே சான்று.

இனி இடனறிதல். இணையவழிக் களம் பலகைக் களத்தினின்றும் வேறானது. மரக்காய்களின் உயரமும் நிழலும் அங்கில்லை. தட்டையான படமே உண்டு. எதிரியின் முகத்தை நோக்கி அவன் அச்சத்தை அறிதல் இயலாது. எதிரி நகர்த்துமுன்னரே தன் நகர்வைப் பதிந்து வைக்கும் வசதி அங்குண்டு. கை வழுவினால் கட்டம் மாறிவிடும் கேடும் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, களமே அறுந்துபோகக் கூடும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் இணையவழி ஒலிம்பியாட் இறுதிப் போட்டியில் இணைய இணைப்புத் தடைப்பட்டு இந்திய வீரர் இருவர் நேரம் இழக்க, முடிவில் இந்தியாவும் இரசியாவும் கூட்டு வெற்றியாளராக அறிவிக்கப்பட்டன. எனவே இணையவழித் திறன் என்பது சதுரங்கத் திறனோடு கைத்திறனும் கருவித்திறனும் கூடியதாகும்.

குறையும் காரணமும் தெரிந்தபின் பரிகாரம் கூறுதல் எளிது. முதலாவது, தொடக்க நகர்வுகளைச் சுருக்குதல். மரபாட்டத்தில் எதிரியை வியப்பிக்கப் பல தொடக்கங்கள் வேண்டும். மின்னலாட்டத்தில் நன்கறிந்த இரண்டொன்று போதும். முதற் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளைக் கை தானே செய்யின், நேரம் நடுவாட்டத்துக்கு மிஞ்சும். இரண்டாவது, நேரத்தைச் செலவிடும் முறையை வகுத்தல். ஐந்து நிமிடத்தில் இரண்டு நகர்வுகளுக்கே நீண்ட சிந்தனை தகும். ஏனையவற்றில் மிகச் சிறந்த நகர்வைத் தேடாது, பழுதற்ற நகர்வைக் கொள்ளல் வேண்டும். முழுமையை நாடுவோர்க்கு இது மிகக் கடினம். குகேஷுக்கு வேண்டுவதும் இதுவே. மூன்றாவது, இறுதியாட்ட நிலைகளைப் பார்த்தவுடன் விடை தோன்றும்வரை பயிலுதல். நான்காவது, தோல்வியை உடனே மறத்தல். மின்னலாட்டம் தொடர்ச்சியாக வருவது. ஒன்றின் துயரம் அடுத்ததன் நேரத்தைத் தின்றுவிடும். ஐந்தாவது, ஆடியவற்றைப் பின்னர் ஆறஅமர ஆராய்தல். ஆராயப்படாத நூறு மின்னலாட்டங்கள் நூறு பிழைகளைப் பழக்கமாக்கும்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். குறையைக் களையப் புகுந்து குணத்தை இழத்தல் கூடாது. சிங்கப்பூரில் மூன்றாம் ஆட்டத்தில் நேரம் முடிந்து தோற்றவர் டிங் லிரென், குகேஷ் அல்லர். பதினான்காம் ஆட்டம் சமனில் முடிந்திருப்பின் மறுநாள் விரைவாட்டமே பட்டத்தை முடிவு செய்திருக்கும்; அதிற் டிங்கின் கையே ஓங்கும் எனப் பலரும் கருதினர். சமன் என்று பிறர் கைவிடத்தக்க நிலையைக் குகேஷ் கைவிடாது மேன்மேலும் வினவினார். ஐம்பத்தைந்தாம் நகர்வில் டிங் தம் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார், பட்டம் கைமாறியது. தன் வலியின் எல்லையை அறிந்து, வலியுள்ள களத்திலேயே போரை முடித்தமைதான் வலியறிதல். அப்பொறுமையை விற்று மின்னலை வாங்குதல் ஊதியம் ஆகாது.

இவ்வாராய்ச்சி உலகச் சாம்பியனான ஒருவரை மட்டும் பற்றியதன்று. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் உள்ள தர்மபுரம் போன்ற ஊர்களின் மாணவர்க்கும் இஃது உரியது. பயிற்றுநரும் கழகமும் அருகிய வன்னிப் பெருநிலத்துக்கு, கைத்தொலைபேசியே உலகச் சதுரங்கத்தின் வாயிலாக வந்துள்ளது. இது பெறற்கரிய வாய்ப்பு. முன்பு சென்னையிலோ மொஸ்கோவிலோ பிறந்தவனுக்கே கிட்டிய எதிரிகள், இன்று தர்மபுரத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்த சிறுவனுக்கும் கிட்டுகின்றனர். ஆயின் அவ்வாயிலில் முதலில் நிற்பது மூன்று நிமிட ஆட்டமே. விரலின் வேகத்தை அறிவின் வேகமென எண்ணி அங்கேயே நின்றுவிடும் பிள்ளை, எழுத்தறியுமுன் சுருக்கெழுத்துப் பயில்வோனை ஒப்பான். இணைப்பு அறுந்தால் ஆட்டமே போயிற்றென எண்ணுவான். பலகையும் ஒரு நண்பனும் இருந்தால் இணைப்பே வேண்டாம் என்பதை மறப்பான்.

குகேஷின் வரலாறு காட்டும் பாடம் இதுவே. ஆழம் முன்னர்ப் பயிலப்பட்டால் விரைவைப் பின்னர்ச் சேர்க்கலாம். சாகிரெபின் பதினான்கு புள்ளி அதற்குச் சான்று. விரைவுக்கும் தனியே பயிற்சி வேண்டும்; அங்குப் பெற்ற 5½ அதற்குச் சான்று. இரண்டையும் ஒருங்கே நினைவிற் கொண்டு, நாளொன்றுக்கு ஒரு நீண்ட ஆட்டத்தைப் பலகையில் ஆடி, ஆடியதை எழுதி, எழுதியதை ஆசிரியரோடும் தோழரோடும் ஆராயும் மாணவனே, மின்னல் ஆட்டத்துக்கு உரிய காலத்தையும் அறிவான்.